பெட்டிக்குள் ஓடிய தண்ணீர்

மகள் கைப்பேசியில் மழைப்படம் காட்டினாள். மலைமேல் நீலத் திட்டு ஒன்று நகர்ந்து வந்தது. "மூணு மணிக்கு நம்ம திரிங்காப் ஊர்ல மழை வந்துரும்பா, பாருங்க லா." நான் பார்த்தது, அந்த நீலம் நடுங்குகிறதா என்றுதான். நடுங்கவில்லை.

நான் எடுத்த நீலம் நடுங்கும். சிரிக்காதீர்கள், ஆறாம் வகுப்போடு நின்ற நானும் ஒரு காலத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவன்தான். எண்பதுகளின் கடைசியில், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசின் பின்னறையில். சூடேறிய தூசி வாசம் அந்த அறைக்கு. ஜன்னலைத் திறந்தால் ஆலையில் இலை வாடும் வாசம்.

கோலாலம்பூரிலிருந்து மண் ஆராய ஓர் அம்மா வந்திருந்தார். மிஸ் என்போம். பெருமழை பெய்தால் எங்கள் மலையில் தண்ணீரும் மண்ணும் எங்கே போகும் என்று அவருடைய இயந்திரம் கணக்குப் போட்டு வரையும். ஒரு படம் முடிய ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம். முடிந்ததும், திரைக்கு எதிரே நிறுத்திய கேமராவை ஒருமுறை அமுக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் பொத்தானைத் தட்டுவேன். எல்லாவற்றையும் சினிமாபோலச் சேர்த்து ஓட்டினால் நீலமாகத் தண்ணீர் ஓடும். யாரோடும் பேச வேண்டாத வேலை, என் கூச்சத்துக்கு ஏற்றது.

இயந்திரத்துக்குக் கொடுத்த வரைபடத்தில், தோட்டத்து வீடுகள் வரிசையாக நின்ற கீழ் லயத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போகும் பெரிய லோங்காங் இருந்தது. மலையில் அது இல்லை. கூடப் படித்த மாரிமுத்து அதை மண்போட்டு நிரப்பி முட்டைக்கோஸ் நட்டிருந்தான். வீட்டுக்குப் பின்னால் சாண் இடம் கிடைத்தாலும் எதையாவது நட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

"மிஸ்கிட்ட உளறிடாதடா. துரைக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுருவாரு."

"நான் யார்கிட்டடா பேசியிருக்கேன்?"

"அதான, கல்யாண வீட்லயே சோறு கேக்கக் கூச்சப்பட்டு எந்திரிச்சு வந்தவனாச்சே!"

ஆனாலும் சொல்லிவிடத்தான் நினைத்தேன். திரையில் தண்ணீர் படம் படமாக இறங்கிக்கொண்டிருந்தது. லோங்காங் வரைக்கும் வரட்டும், அப்போது விரலை வைத்துக் காட்டிவிடலாம், பேச்சு குறையும் என்று காத்திருந்தேன்.

அதற்குள் மிஸ் ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்தார். என் வேலை முழுவதையும் வரிவரியாகக் கட்டளைகளாக எழுதி இயந்திரத்துக்குக் கொடுத்தார். வரை, பெட்டிக்குள் இருக்கும் ஃபிலிமில் பதி, அடுத்ததை வரை. படம் திரைக்கே வராது. "இனிமே நீங்க காத்துக் கிடக்க வேணாம் தம்பி, அதுவே செஞ்சுக்கும்."

திரை இருண்டு கிடக்க, பெட்டி மட்டும் டக், டக் என்றது. எந்த டக்கில் தண்ணீர் லோங்காங்கைத் தொட்டதோ தெரியாது. விரல் வைக்க இடமில்லை. வாய் இருந்தது. திறக்கவில்லை.

தோட்டத்து மண்டபத்தில் படத்தை ஓட்டினார்கள். முதலில் தண்ணீர் லேசாக நடுங்கியது, அது நான் கையால் அமுக்கி எடுத்த பகுதி. பிறகு வழவழவென்று இறங்கி, சமர்த்தாக லோங்காங்கில் விழுந்து போனது. கீழ் லயத்துக்குப் பயமில்லை என்றார் மிஸ். எல்லோரும் கைதட்டினோம். மாரி என் விலாவில் இடித்தான். "டேய், என் கோஸ் மேல ஆறே ஓடுது, ஒரு இலை நனையல பாரு லா!"

நானும் சிரித்தேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் மேட்டு மண் இறங்கியது. போக வழியில்லாமல் மாரியின் வீட்டுக்குள் புகுந்தது. அவன் பெண்சாதி சரோஜா கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். அவன் காய்ச்சலென்று படுத்திருந்தான். தோண்டினோம். தோண்டத் தோண்ட மண்ணோடு முட்டைக்கோஸ் வந்துகொண்டே இருந்தது.

"லோங்காங்கை அடைச்சது யாருக்குமே தெரியாதா?" என்று மிஸ் அழுதுகொண்டே கேட்டார். எல்லோரும் தலைகுனிந்தார்கள். நானும் குனிந்தேன்.

லயம் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே யாரோ பூ வளர்க்கிறார்கள். சரோஜா தனியாகக் கம்போங் ராஜா பக்கம் போனாள் என்றார்கள். கையால் நான் எடுத்த கடைசிப் படத்தின் ஃபிலிம் துண்டு மட்டும் என்னிடம் இருந்தது. அதில் தண்ணீர் லோங்காங்குக்கு ஒரு விரல் மேலே நின்றிருக்கும். நேற்று அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பூஞ்சை பிடித்து மலையும் போய்விட்டது, தண்ணீரும் போய்விட்டது.