நிர்மலா இறக்காத விமானம்

என் பொண்டாட்டி நிர்மலாதேவிக்கு விமான நிலையத்தில் வேலை என்றால், முத்தியால்பேட்டையில் இன்றும் சிலர் ஏர் ஹோஸ்டஸ் என்றுதான் நினைக்கிறார்கள். அட போங்கப்பா! லாஸ்பேட்டை டவரில் உட்கார்ந்து, எந்த விமானம் இறங்கலாம், எது மேலேயே சுற்ற வேண்டும் என்று மைக்கில் சொல்கிறவள் அவள். மில் தொழிலாளி மகள். நான் நெடுமாறன், ஸ்கூட்டர் மெக்கானிக். வீட்டில் யார் சொல் எடுபடும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் உட்காரும் இடத்தில் ராடார் திரை கிடையாது. விமானி சொல்லும் இடத்தை வைத்து மனதுக்குள்ளேயே கணக்குப் போட வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் இரண்டு விரல் அகலத்தில் ஒரு தாள் எழுதி, முன்னால் இருக்கும் பலகையில் வைப்பாள். விமானம் தரையில் உருள்வதைக் கண்ணால் பார்க்காமல் அந்தத் தாளை எடுக்க மாட்டாள். வீட்டிலும் இதே கதைதான். கடையிலிருந்து கிளம்பிவிட்டேன் என்று போன் செய்தால் நம்ப மாட்டாள். வண்டிச் சத்தம் வாசலில் கேட்ட பிறகுதான் தோசைக்கல் அடுப்பில் ஏறும்.

எங்கள் ஒரே மகள் கவிநிலாவுக்கு அந்த டவரைக் கண்டாலே ஆகாது. பள்ளி ஆண்டு விழாவுக்கு அம்மா வரவில்லை. பட்டமளிப்புக்கும் வரவில்லை, மாற்று ஆள் இல்லை என்றார்கள். "ஊரான் புள்ளைங்கள எல்லாம் பத்திரமா எறக்கு. நான் மட்டுந்தான் ஒன் கண்ணுக்குத் தெரிய மாட்டேன்" என்று கத்திவிட்டு ஐதராபாத்துக்கு வேலைக்குப் போனவள், இரண்டு வருடம் ஊர்ப்பக்கம் வரவில்லை. அம்மாவிடம் போனில் "சாப்ட்டியா"வோடு சரி. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். தானே வளர்ந்தது, தானே பறந்தும் போயிற்று! ஐதராபாத் விமானம் வரும்போதெல்லாம் நிர்மலா பைனாகுலரில் அதன் படிக்கட்டையே பார்ப்பாளாம். மகள் வரமாட்டாள் என்று தெரிந்தும், கடைசி ஆள் இறங்கும் வரை பார்ப்பாளாம்.

போன ஐப்பசியில் கவிநிலா எனக்குப் போன் செய்தாள். பிரான்சில் வேலை, வியாழக்கிழமை ராத்திரி ஐதராபாத்திலிருந்து கிளம்ப வேண்டும். "புதன்கெழம வந்து ஒரு ராத்திரி அம்மாகிட்ட படுத்துட்டுப் போறேம்ப்பா."

நிர்மலாவுக்கு அன்று லீவு. அவளே போய் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பைத்தியமாடி ஒனக்கு? ஏர்போர்ட் வாசல்ல வந்து நில்லு, பொண்ணு மொதல்ல ஒன் மூஞ்சியப் பாக்கட்டும்."

"இல்லீங்க. இருவத்திரண்டு வருஷமா யார் யார் பெத்த புள்ளைங்களையோ எறக்கறேன். எம் பொண்ண ஒரே ஒரு தடவ நானே எறக்கணும்."



புதன்கிழமை பிற்பகல் நான் மட்டும் விமான நிலைய வாசலில் நின்றேன். டவரில் நடந்ததை அங்கே கூட வேலை பார்க்கும் இளம்பரிதி பிறகு சொன்னான். கவிநிலாவின் விமானத்துக்கு முன்னால், யாரோ ஒருவர் சொந்தமாக ஓட்டிவந்த சின்ன விமானம் இறங்க வேண்டியிருந்தது. அதை நேராக வரச் சொல்லியிருந்தாள் நிர்மலா. ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. கூப்பிட்டால் பதிலும் இல்லை. தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

மகளின் விமானம் இறங்க அனுமதி கேட்டது. நிர்மலா அதைக் கடல் பக்கம் உயரத்திலேயே சுற்றச் சொன்னாள். கால் மணி நேரம் போனது. பெரிய விமானங்களில் ஒரு கருவி உண்டு, பக்கத்தில் வேறு விமானம் இருந்தால் காட்டிவிடும். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றார் கேப்டன். சென்னையில் மழை கொட்டுகிறது, இருக்கிற எரிபொருள் திரும்பிப் போகத்தான் சரியாக இருக்கும், ஐந்து நிமிடத்தில் இறக்கினால் உண்டு, இல்லையென்றால் ஐதராபாத்துக்கே திரும்புகிறேன் என்றும் சொன்னார்.

"எறக்கிடுங்க மேடம். அவங்க கருவியிலயே எதுவும் இல்லியே. அந்த ஆளு வேற எங்கனா போயிருப்பான்" என்றான் இளம்பரிதி.

"சின்ன பிளேன் சிக்னல் குடுத்தாதான்டா அந்தக் கருவி காட்டும். அதுல கரண்டே போயிருந்தா?"

"மேடம், கவிநிலா..."

"தெரியும். வாய மூடு."

அந்தச் சின்ன விமானத்தின் தாள் பலகையிலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மைக்கை எடுத்து, திரும்பிப் போக அனுமதி கொடுத்தாளாம். குரல் பிசிறவில்லை. 

அடுத்த இரண்டாவது நிமிடம், பெரிய விமானம் இறங்கி வர வேண்டிய அதே வழியில், மேகத்துக்குள்ளிருந்து சின்ன விமானம் வெளியே வந்தது. ஆரோவில் தங்கக் கோளத்தை வீட்டாருக்குக் காட்டலாமென்று சொல்லாமல் கொள்ளாமல் சுற்றப் போயிருக்கிறார் அந்த மனிதர். பேட்டரி படுத்துவிட்டது. ரேடியோவும் போச்சு, சிக்னலும் போச்சு. மேகத்தில் வழியும் தவறிவிட்டது. வாயில் வண்டி வண்டியாகத் திட்டு வந்தது எனக்கு.

வீட்டில் மகளுக்காகச் செய்த இறால் தொக்கு மூடியபடி இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நிர்மலா டியூட்டிச் சேலையைக்கூட மாற்றாமல், மகளுக்கு விரித்த பாயில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்குக் கவிநிலாவிடமிருந்து போன் வந்தது. என்னிடம் பேசவில்லை, அம்மாவிடம் கொடு என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"யம்மா, எங்களத் திருப்பி அனுப்புனது நீயா?"

"ஆமாண்டி."

"திரும்பறப்ப ஜன்னல்ல பாத்தேன். எங்களுக்குக் கீழ, மேகத்துலேர்ந்து சின்னதா ஒரு வெள்ள பிளேன் வந்துச்சி. அதுல எத்தன பேரு?"

"மூணு பேரு. ஒரு பொண்ணு, ஆறு வயசு இருக்கும். எறங்குனதும் அவங்க அம்மா கழுத்தக் கட்டிக்கிச்சி."



"எங்க பிளேன்ல எழுவது பேரும்மா." அழுதாள். "நான் எப்ப வந்தாலும் நீயே எறக்கும்மா. நீ டியூட்டில இல்லாத அன்னிக்கு நான் வர மாட்டேன்."

நிர்மலா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். இரண்டு விரல் அகலம். மகள் வந்த விமானத்தின் தாள்.

"வாடி. நீ எறங்கற வரைக்கும் ஒன் பிளேன் தாளு என்கிட்டயேதான் இருக்கும்" என்றாள்.