மாமாவின் பெரிய கிட்னி

உம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன, யாராவது ஒன்றைக் கொடுத்தால் நல்லது என்று தெரிந்த அன்றே, உம்மாவின் தம்பியான என் மாமா, "என்டத எடுங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டில் சும்மா கிடக்கிற தண்ணீர்ப் பம்பை இரவல் தருவதுபோல அவ்வளவு லேசாகச் சொன்னார். மாவடிப்பள்ளி வயலில் நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்கி டிராக்டர் பெட்டியில் போடுகிற மனிதர் அவர். அந்த உடம்பில் ஒரு குறை இருக்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

உம்மாவுக்கு வந்தது நீர்க்கட்டி நோய். சிறுநீரகத்துக்குள் நீர் நிறைந்த கட்டிகள் முளைத்து, வருடக்கணக்கில் மெல்லப் பெருத்து, நல்ல சதையை நெருக்கி அழித்துவிடும். இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, இரத்தம் சுத்தம் செய்யப் போய்வருகிற நாட்களில் உம்மா சுருண்டு படுத்துவிடுவார், வாப்பா சமைப்பார், சோறு களியாகிவிடும் என்பது மட்டும்தான்.

மாமா எங்கே போனாலும் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் நான் தொற்றிக்கொள்வேன். கல்முனையில் அவர் ஸ்கேன் எடுக்கப் போன அன்றும் அப்படித்தான். விடுமுறை நாள். மாமா பனியனை மேலே சுருட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருக்க, டாக்டர் அம்மா அவருடைய இடுப்பில் குழம்புபோல எதையோ பூசி ஒரு கருவியை ஓட்டினார். திரையில் கறுப்புக் கறுப்பாக வட்டங்கள் தெரிந்தன. ஆப்பம் வேகும்போது நடுவில் கண்கண்ணாக விழுமே, அதுபோல. எனக்கு அது வடிவாகத்தான் இருந்தது. இருந்தாற்போல் டாக்டர் கருவியை நிறுத்திவிட்டு, "உங்கட வாப்பா எப்பிடி மவுத்தானவர்?" என்று கேட்டார்.

"பள்ளியில தொழுதுக்கிட்டு இரிக்கக்குள்ள உழுந்தவர், அப்பிடியே உசிர் போயிட்டு. பிரஷர் என்டு சொன்னாங்க."

டாக்டர் கருவியைத் துடைத்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "இது பரம்பரையா வாற நோய். தாய் தகப்பன்ல ஒராளுக்கு இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாறதுக்குப் பாதி, வராம விடுறதுக்குப் பாதி. நீங்க கிட்னி குடுக்க ஏலா. உங்களுக்கும் இருக்கு."

மாமா எழுந்து உட்கார்ந்து, பூசியதைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். டாக்டரின் பார்வை என் பக்கம் வந்தது.

"இவ யாரு?"

"ராத்தாட மகள்."

"சின்னப் பிள்ளைதானே. இப்ப பாக்கத் தேவல்ல. வளரட்டும்," என்று என் கன்னத்தைத் தட்டினார். பாதி பாதி என்றது எதைப் பங்கு வைப்பது பற்றி என்று கேட்க நினைத்தேன். மாமா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார்.

ஜூஸ் கடையில் எனக்கு மாம்பழ ஜூஸ் வாங்கித் தந்துவிட்டு, அவர் ஒன்றும் குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூக்கு உன்ட வாப்பாட மூக்குத்தான்," என்றார். "காதும் அப்பிடித்தான். நீ முழுக்க வாப்பாட புள்ள." எனக்குக் கோபம் வந்தது. வாப்பாவின் காது முறம்போல இருக்கும்.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். மாமா வாசலிலேயே சிரித்தபடி சொன்னார். "என்ட கிட்னி பெரிசாம் ராத்தா. உங்கட வயித்துக்க கொள்ளாதாம்."

உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அப்படிச் சிரித்தார். மாமா சொன்னதில் பொய்யும் அதிகமில்லை. அந்த நோயில் சிறுநீரகம் உண்மையிலேயே பெருத்துத்தான் போகும். நான் வாயைத் திறக்கப் போனபோது மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வேடிக்கை என்று நினைத்து நானும் சிமிட்டினேன்.

கடைசியில் வாப்பாவுடையது பொருந்தியது. கண்டியில் சத்திரசிகிச்சை நடந்து, உம்மா எழுந்து நடந்து, வீட்டில் பழையபடி பதமான சோறு வெந்த பிறகுதான் மாமா உண்மையைச் சொன்னார். "முதல்ல சொல்லியிருந்தா என்ட கவலையில நீங்க ஒபரேஷனுக்கே போயிரிக்க மாட்டீங்க," என்றார். உம்மா அவரை ஏசினார். ஏசிக்கொண்டே அவருடைய தலையைத் தடவினார்.

அந்த வருடம் நோன்புப் பெருநாளன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு மாமி என் நாடியைத் தொட்டு முகத்தை நிமிர்த்தி, "உம்மாவ உரிச்சி வெச்ச மாதிரி," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்த மாமா வெடுக்கென்று தலையை நிமிர்த்தி, "இல்ல! அவ வாப்பாவப் போல," என்றார். அவ்வளவு கடுமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மாமி திகைத்துப் போனார். நான் அறைக்குள் ஓடிப்போய்ப் புதுச் சட்டை நனைய அழுதேன்.

இப்போது மாமாவும் இரத்தம் சுத்தம் செய்யப் போகிறார். உம்மாதான் சாப்பாடு கட்டிக்கொண்டு கூடப் போகிறார். போன மாதம் நானும் ஸ்கேன் எடுத்தேன். சின்னச் சின்னதாகச் சில கட்டிகள். பிரஷரைக் கவனித்துக்கொண்டால் நெடுங்காலம் சமாளிக்கலாம் என்றார்கள். உம்மாவுக்குச் சொல்ல வாய் வராமல் முதலில் மாமாவிடம் போனேன். அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மெஷின் பிழையாயிரிக்கும் புள்ள," என்றார். "வேற இடத்தில எடுத்துப் பாப்பம். நீ வாப்பாட புள்ள."

அது அவர் இத்தனை வருடமும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்த துஆ. அந்தப் பெருநாளன்று எனக்கு அது விளங்கவில்லை. மாமாவுக்கு என்னைத் தன் குடும்பத்தில் சேர்க்க விருப்பமில்லை என்று நினைத்துத்தான் அழுதேன்.