போனவர்களை ஏற்ற வேண்டாம்

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்கள் ஐந்து. வரவேற்பில் ஒன்று, இதயத்துக்கு எக்கோ எடுக்கும் அறையில் ஒன்று, ரிப்போர்ட் அடிக்கும் மேஜையில் இரண்டு, டாக்டர் அறையில் ஒன்று. படங்கள் எல்லாம் எக்கோ அறைக் கம்ப்யூட்டரில்தான் சேரும். மற்றவர்கள் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அது நிரம்பி வழிந்தது. காலையில் அது முக்கி முனகி எழுவதற்குள் வந்தவர்களுக்கு நாங்கள் சமாதானம் சொல்லிச் சலித்துப்போவோம். கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுவானாலும் என் தலையில்தான் விடியும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சேமிப்புப் பெட்டி தேர்ந்தெடுக்கும் வேலையும் அப்படித்தான் வந்தது.

கடைக்காரர்கள் அதை நாஸ் என்கிறார்கள். உள்ளே ஹார்டு டிஸ்க்கைச் செருகி நெட்வொர்க்கில் மாட்டிவிட்டால் எல்லாக் கம்ப்யூட்டர்களும் அதில் வைத்து எடுக்கலாம். இணையத்தில் ஏற்றி வைக்கலாமே என்றாள் வரவேற்புப் பெண். எங்கள் இணையம் தூறலுக்கே படுத்துவிடும். ஒரு டிஸ்க் போடும் சின்னப் பெட்டி போதும் என்றார் டாக்டர். நான் இரண்டு டிஸ்க் பெட்டி கேட்டேன். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். ஒன்று செத்தாலும் இன்னொன்று ஓடும்.

"எடம் பத்தலன்னா பழசை அழிச்சிடும்மா," என்றார். தெலுங்குக்காரர், என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். "போனவங்க ஸ்கேனை வெச்சிக்கினு என்ன பண்றது?"

போனவர்களில் என் அப்பாவும் உண்டு, என் நைனா.

நெஞ்சைப் பிசைகிறது என்றவரை நான்தான் சித்தூரிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்தேன். "ஒண்ணுமில்லம்மா, வாயுதான்," என்று புத்தலப்பட்டு தாண்டியும் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டரே எக்கோ எடுத்தார். திரையைப் பார்த்தபடி, "குண்டே பாகுந்தி," என்றார். இதயம் நன்றாக இருக்கிறது. நான் சொன்னேனா இல்லையா என்பது போல நைனா என்னைப் பார்த்தார். அந்த வாரமே, சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் குழாயடியில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு டாக்டர் வாயிலிருந்து 'பாகுந்தி' வரவில்லை. யார் வந்தாலும் இன்னொரு டெஸ்ட் எழுதிக் கொடுத்துவிடுவார். காசு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். அவரை நான் மன்னிக்கவில்லை. வேலையை விடவும் இல்லை. எக்கோ என்பது வீடியோ. மூன்று துடிப்பு ஓடி, மறுபடி முதலிலிருந்து ஓடும். மதியம் மற்றவர்கள் வெளியே போனதும் நைனாவுடையதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சோறு தின்பேன். வீட்டுச் சுவரில் மாலை போட்ட நைனா அசைவதில்லை. இங்கே வால்வு கதவு மாதிரி திறந்து மூடிக்கொண்டிருக்கும். பயமாகவும் இருக்கும், விடவும் முடியாது. பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டுக்குள் அது துடித்துக்கொண்டிருந்தால் நான் எங்கே தூங்குவது?

டாக்டர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். என் பிடியும் உடும்புப் பிடி. பல நாள் இழுபறிக்குப் பிறகு இறங்கி வந்தார்.

"ரெண்டு டிஸ்க்கே வாங்கிக்கோ. ஆனா போனவங்களை அதில ஏத்த வேணாம்."

செத்தவர்கள் மேல் இந்த மனிதருக்கு ஏன் இத்தனை காட்டம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பெட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்டர் மூடியிருக்கும்போது போய் எக்கோ அறையில் உட்கார்ந்து படங்களை நகர்த்தினேன். நைனாவையும் கூடவே அனுப்பிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அத்தனை கூட்டத்தில் யார் தேடப் போகிறார்கள்? எல்லாம் போனது. நைனாவின் கோப்பு மட்டும் நகரவில்லை. அதை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார் என்றது திரை.

கட்டிடத்தில் என்னைத் தவிர யாருமில்லை. வரவேற்பிலும் எங்கள் மேஜையிலும் போய்ப் பார்த்தேன், எல்லாம் அணைந்திருந்தன. டாக்டர் அறைச் சாவியைத் தேடி எடுத்துத் திறந்தேன். ஜன்னல் சாத்திய இருட்டில் அவருடைய திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் நைனாவின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அவர் கிளம்பியதிலிருந்து, பூட்டிய அறைக்குள், பார்க்க ஆளில்லாமல், அது துடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நான் அதை மூடவில்லை. மூட எனக்குத் தைரியம் வரவில்லை. கதவைப் பூட்டிவிட்டுச் சித்தூர் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை அவர் வந்ததும் அறைக்குப் போனேன்.

"எல்லாம் ஏத்திட்டேன் சார். ஒண்ணு மட்டும் வரல. உங்க கம்ப்யூட்டர்ல தெறந்துக்கினு இருந்தது."

எது என்று அவர் கேட்கவில்லை. "மூடிட்டியாம்மா?"

"இல்ல சார்."

நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னத்தை விட்டுட்டேன்னு தேடறேம்மா. தினமும் பாக்கறேன். எப்போ பாத்தாலும் பாகுந்தின்னுதான் தோணுது." திரையை என் பக்கம் திருப்பப் போனவர் நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு இன்னொருத்தர் இதே மாதிரி வந்து படுத்தாலும் அதைத்தான் சொல்ல வரும், அதான் இன்னொரு டெஸ்ட் எழுதறேன். இது அழிஞ்சா என்னை விட்டுடும்னு நெனைச்சேன்."

அவரைக் கேட்பதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் ஏராளம். துக்கம் கேட்க வந்தவரிடம் யார் சண்டை போடுவார்கள்?

"மூடுங்க சார். நீங்க மூடினாத்தான் நகரும்."

"ஏத்தப் போறியா?"

"ஆமா சார்."

இன்னும் ஒருமுறை பார்த்தார். பிறகு மூடினார்.

இப்போது நைனா இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறார். எந்தக் கோப்பை யார் திறந்திருக்கிறார்கள் என்று அந்தப் பெட்டி எனக்குக் காட்டும். சில மதியங்களில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு பார்த்தால், நைனாவுக்கு நேரே டாக்டர் அறை என்று இருக்கும். அன்றைக்கு நான் அதைத் திறப்பதில்லை. நைனாவைப் பார்க்க ஆள் வந்திருக்கிறார் என்று பேசாமல் சாப்பிடுகிறேன்.