தலைக்கு ஆயிரம்

அப்பா மாதம் பதினைந்தாயிரம் வாங்கினால்தான் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்று நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது முடிவானது. நான்காம் வகுப்புக்கு வந்தபோது அது பதினெட்டாயிரம் ஆகியிருந்தது. ஐந்தாம் வகுப்பில் இருபத்தோராயிரம். நான் பத்தாவது போவதற்குள் கலெக்டர் சம்பளமே வந்தாலும் பற்றாது என்று ஆகிவிடும் போலிருந்தது.

அப்பாவுக்குச் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நானும் அம்மாவும் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். பெர்மனென்ட் வேலை, சம்பளம் ஏறி ஏறி இப்போது பதினேழாயிரம் என்று அப்பா சொல்லியிருந்ததால் ஊரில் எங்களுக்குத் தனி மவுசு. கல்யாண வீடுகளில் அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிற மனுஷனை வைத்துக்கொண்டு மவுசை என்ன செய்வது? அம்மா நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. அப்பாவோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

அதற்கு அப்பா ஒரே பதில் வைத்திருந்தார். "அந்த ஏரியா வெலவாசி உனக்குத் தெரியாது."

ஒருமுறை அம்மா விடவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். "சரிங்க, இருபத்தோராயிரம் எதுக்கு எதுக்கு ஆகுது? பிரிச்சுச் சொல்லுங்க, கேப்போம்."

அப்பா விரல் மடக்கினார். அறை வாடகை தலைக்கு ஆயிரம், மூன்று தலைக்கு மூவாயிரம். மெஸ் சாப்பாடு ஆளுக்கு மாதம் மூவாயிரம், மூன்று பேருக்கு ஒன்பதாயிரம்.

"இருங்க. நான் எதுக்கு மெஸ்ல சாப்பிடணும்?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "அங்கன எல்லாரும் மெஸ்லதான சாப்பிடுறாங்க."

துணி துவைத்துத் தேய்க்க மூன்று பேருக்குத் தனியாகக் காசு. அது போக, தினம் சாயங்காலம் மூன்று டீ, மூன்று முட்டை பப்ஸ். நாலு வருஷமாகப் பையன்களோடு அறையில் கிடந்தவர், பெண்டாட்டி பிள்ளையையும் இன்னும் இரண்டு பையன்களாகவே எண்ணிவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் மட்டும் அப்பா கட்சி. தினம் ஒரு முட்டை பப்ஸ் கிடைக்கிற ஊருக்கு இருபத்தோராயிரம் கொடுத்தால்தான் என்ன?

அந்த மே மாத லீவில் அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்கு அரை டிக்கெட் எடுத்துவிட்டு, அரை டிக்கெட்டுக்கு அரை சீட்டுதான் என்று விடியவிடிய மடியிலேயே வைத்திருந்தாள். எனக்கு அது பெரிய அவமானம். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, மண்ணூரில் அப்பா தங்கியிருந்த வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம்.

வீட்டுக்கார அக்கா வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "இன்னாம்மா, யாரு வோணும்?"

அம்மா அப்பா பேரைச் சொன்னாள்.

"அவரு சம்சாரமா நீ? அவரு ஷிஃப்ட்டுக்குப் போய்க்கீறாரும்மா. மேல நைட் ஷிஃப்ட்டு பசங்க தூங்கிகினு கீறாங்க, சத்தம் போடாம வா." மொட்டைமாடி அறையைத் திறந்து காட்டினாள். எட்டுப் பேருக்கு நாலு பாய். பகலில் ஒருவர், இரவில் இன்னொருவர். அப்பாவின் பாயில் வேறு யாரோ ஒரு அண்ணன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

கீழே இறங்கியதும் அம்மா பேரத்தை ஆரம்பித்தாள். பின்பக்கம் சமையல் மேடையோடு ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. குடும்பத்துக்கு எவ்வளவு?

"குடும்பம்னா இன்னா, தலைன்னா தலைதானம்மா? தலைக்கு ஆயிரம். பாப்பாக்கு வேணா அரைத் தலை போட்டுக்கலாம்."

இரவெல்லாம் அரை டிக்கெட்டாக மடியில் நசுங்கி வந்தவளுக்கு இது பொறுக்குமா? "நான் முழுத் தலைதான். ஆறாவது போகப்போறேன்" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு சிவந்து தடித்துவிட்டது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே கொடியில் காய்ந்த யூனிஃபார்ம் சட்டைகளைக் காட்டினாள். "அதோ, சாம்பல் கலரு ரெண்டு கீதே, அது உன் வூட்டுக்காரருது."

"மத்ததெல்லாம் நீலமா இருக்கே?"

"நீலம் பெர்மனென்ட்டும்மா. சாம்பலு கான்ட்ராக்ட்டு. எட்டாயிரம் குடுப்பான், லீவு போட்டா அதுலயும் புடிச்சுக்குவான். நாளைக்கு வராதன்னா அத்தோட சரி. ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்றாள் அம்மா.

இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. நான் கண்டதெல்லாம் அம்மா அந்தச் சட்டைகளையே கொஞ்ச நேரம் பார்த்ததும், அதற்குப் பிறகு பேரத்தில் ஒரு பைசா விடாமல் கறாராகிவிட்டதும்தான். என் அரைத் தலையையும் கழித்து இரண்டாயிரத்துக்கு முடித்தாள். அப்புறம் தெருக்கடைக்குப் போய் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று ஒவ்வொன்றாக விலை கேட்டாள். எதையும் வாங்கவில்லை. கடைக்காரர் கடைசியில் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பா எங்களைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். சாம்பல் சட்டையில் நின்றார். பையை எடுத்து நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டார். அந்தப் பை எவ்வளவு சட்டையை மறைக்கும்?

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன். "ஏம்ப்பா, உங்களுக்கு மட்டும் சாம்பல் சட்டை?"

அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

"சாம்பல்னா அழுக்கு தெரியாதுல்ல" என்றாள் அம்மா. "அப்பா கேட்டு வாங்கியிருப்பாங்க." பிறகு, காய்கறி விலை சொல்வதுபோல அவரிடம் சொன்னாள்: "எல்லாம் விசாரிச்சிட்டேன். பின்னாடி ரூம் ரெண்டாயிரம். அரிசி ஊர்லேருந்து வந்துரும். பாப்பாவை இங்கனயே கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டுருவோம். எப்படிப் பாத்தாலும் எட்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும். மிச்சச் சம்பளத்தை நீங்க பேங்குல போட்டுக்கோங்க."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போட்டது எங்களை வரவிடாமல் வைக்கிற கணக்கு. பெர்மனென்ட் என்று சொல்லிவிட்ட பொய் வெளுத்துவிடுமோ என்கிற பயத்தில் வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். அம்மா போட்டது எட்டாயிரம் என்கிற விடையை முதலில் தெரிந்துகொண்டு போட்ட கணக்கு. அவர் வாயால் அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ள வைக்காமலே எங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டாள். இதெல்லாம் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. அன்று அம்மா கணக்கில் புலி என்றுதான் பட்டது. பதினேழில் எட்டு போனால் மாதம் ஒன்பதாயிரம் மிச்சம்!

"அப்ப அந்த ஒன்பதாயிரத்துல எனக்கு ஒரு சைக்கிள் வாங்கலாம்ல?" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் அம்மாதான் சிரித்தாள். அப்பாவும் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வழிகிற அளவுக்குச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சைக்கிள் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன்.