ஐரோப்பியச் சட்டமும் ரங்கூன் ஃபோனும்

ஊரில் இல்லாத ஒரு சாமானைப் பற்றி, அதைக் கண்ணால் பார்த்தே இராத ஆளுக்குப் புரியும்படி எழுதுவதுதான் மொழிபெயர்ப்பாளர் வேலை. என்னைப் போலவே அகராதியைப் புரட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பாளர்கள் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ரங்கூனில், வியாபாரிகள் படிக்கும் ஒரு பர்மிய வாரப் பத்திரிகையில் எனக்கு அந்த வேலை. ராணுவ ஆட்சியில் உள்ளூர் விஷயம் எதை எழுதினாலும் வம்பு என்பதால் ஆசிரியர் ஊ மியா வெளிநாட்டுச் செய்தி போட்டுப் பக்கத்தை நிரப்புவார். மிஷன் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண், இங்கிலீஷ் வரும் என்று தொலைத்தொடர்புப் பக்கத்தை என்னிடம் கொடுத்தார். ஐரோப்பா என்றால் அவருக்குத் தனிப் பிரியம். "ரொம்ப தூரத்துல இருக்கு. யாருக்கும் கோபம் வராது" என்பார்.

அப்படித்தான், ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஃபோன் கம்பெனிகளுக்கு என்ன சட்டம் போட்டன, இன்டர்நெட்டுக்கு என்ன விதி வகுத்தன என்று வாராவாரம் எழுதலானேன். அப்போது எங்கள் ஊரில் கைபேசி வாங்குகிற காசுக்கு வீடே வாங்கலாம். வீட்டு ஃபோனுக்கு எழுதிப் போட்டவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள், தெருவோரம் குடைக்குக் கீழே மேசை போட்டு ஃபோன் வைத்திருப்பவரிடம் போய், பின்னால் நிற்பவர் காதில் விழாதபடி குடும்ப விஷயம் பேசக் கற்றுக்கொண்டோம்.

எந்தப் பக்கத்தில் போடுவது?

முதலில் வந்து மாட்டியது, எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் சட்டம். ஒரு ஃபோன் கம்பெனி பிடிக்கவில்லையென்றால் வாடிக்கையாளர் இன்னொன்றுக்குப் போகலாம். பழைய எண்ணைக் கூடவே எடுத்துப் போகலாம். பழைய கம்பெனி தடுக்கக் கூடாது. இதை நான் பர்மியத்தில் நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். எங்களுக்கு இருந்தது ஒரே அரசாங்க ஃபோன் இலாகா. அதைப் பிடிக்காமல் போவது என்பதற்கே சரியான வார்த்தை கிடைக்கவில்லை.

அச்சுக்கோர்ப்பதற்கு மா நீலா இருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டே பக்கத்துப் பர்மியப் பெண், ரொம்பச் சுறுசுறுப்பு. எப்போதும் எதையும் கேட்காமல் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே போகிறவள் அன்றைக்குப் பாதியில் நிறுத்திவிட்டாள். என் எழுத்து புரியவில்லையாக்கும் என்று பக்கத்தில் போய் நின்றேன். எழுத்து புரிந்திருந்தது. மொத்தத்தையும் இரண்டாம் தடவை படித்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இதைச் செய்திப் பக்கத்துல போடணுமா, கதைப் பக்கத்துல போடணுமா?"

மாஸ்டர் கொண்டுபோன கத்தரிப்பு

தின்கன்ஜூனில் எங்கள் தெருவில் சூசை மாஸ்டர் என்று கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் மனைவிக்கு இதயக் கோளாறு. திடீரென்று மூச்சு வாங்கினால் டாக்ஸி கூப்பிட மாஸ்டர் செருப்பைக்கூட மாட்டாமல் பெரிய ரோட்டுக்கு ஓடுவார். அதனால் வீட்டு ஃபோனுக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பல வருஷமாகக் காத்திருந்தார். ஒரு வாரம் நான், 'நியாயமாகக் கேட்கிற எந்த வீட்டுக்கும் இணைப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ஐரோப்பிய விதி' என்று எழுதினேன். மாஸ்டர் அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக இலாகா அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

விஷயம் தெரிந்ததும் அவர் வரும்வரை வாசலிலேயே நின்றேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நிதானமாக நடந்து வந்தார். "யார் எழுதினதுன்னு கேட்டாங்களா மாஸ்டர்?" என்றேன். "கேக்கல கிரேசு" என்றார். அதிகாரி நல்ல மாதிரியாம். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, கத்தரிப்பை ஒரு எழுத்து விடாமல் படித்தாராம். பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, வாத்தியாரைக் கூப்பிடுகிற 'செயா' போட்டு மரியாதையாகவே சொன்னாராம்: "ரொம்ப நல்லாருக்கு செயா. ஆனா நீங்க விண்ணப்பம் போட்டது எங்ககிட்டதானே?"

ஆற்றைத் தாண்டினால்

லத்தாக் கடைவீதியில் கைபேசி உறை, பேட்டரி விற்கிற காசிம் பாய் எங்கள் பக்கத்தை விடாமல் படிப்பவர். ஊரில் கைபேசியே அபூர்வமாக இருக்கும்போது உறைக்கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டால், "ஃபோன் இல்லாதவனும் உறை வாங்குறான் தங்கச்சி, இடுப்புல மாட்டிக்க" என்பார். அவரிடம் மட்டும் ஃபோனும் இருந்தது. அதை வாங்க அவர் எதை விற்றார் என்று அவர் வீட்டு அம்மாவிடம் மட்டும் கேட்கக் கூடாது.

வேற்று நாட்டுக்குப் போய்ப் பேசினால் கட்டணத்தை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது என்று ஐரோப்பாவில் கம்பெனிகளுக்கு வரம்பு கட்டிய செய்தி வந்த வாரம், பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். முந்தின நாள்தான் த்வாண்டேயில் மச்சினன் வீட்டுக் கல்யாணப் பேச்சுக்குப் போயிருக்கிறார். முடிவானதும் ஊருக்கெல்லாம் அங்கிருந்தே சொல்லலாம் என்று ஃபோனை எடுத்தால் அது மூச்சு விடவில்லை. பெண் வீட்டார் முன்னால் 'ஹலோ ஹலோ' என்று கத்தி மானம் போய்விட்டதாம். "அவுங்க நாடு தாண்டினா காசு ஏறக் கூடாதுன்னு சட்டம் போடுறாங்க. நமக்கு ஆத்தைத் தாண்டினா ஃபோனே மௌத்தாப் போவுது. அதுக்கு ஒரு சட்டம் எங்கயாச்சும் இருந்தா எழுதும்மா."

ஒரே அவசர எண்

ஐரோப்பாவில் எந்த நாட்டில் நின்றுகொண்டு ஆபத்து என்றாலும் ஒரே எண்ணை அழைத்தால் போதும் என்பதையும் எழுதினேன். அது வந்து கொஞ்ச நாளில், 2008 மே மாதம், புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் ரங்கூனில் நின்ற மரம் குறைவு. தெருத் தெருவாக ஃபோன் கம்பி தரையில் கிடந்தது. மா நீலாவின் அப்பாவும் அம்மாவும் த்வாண்டேயில் பானைச் சூளை வைத்திருந்தார்கள். த்வாண்டே இருக்கிற டெல்டாப் பக்கமிருந்து வந்த பேச்சு எதுவும் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இல்லை.

அலுவலகம் இருந்த தெருவில் முதலில் உயிர் வந்தது எங்கள் ஃபோனுக்குத்தான். எப்படியோ அது வெளியே தெரிந்து, முன்பின் தெரியாதவர்கள் வந்து மாடிப்படியில் நின்றார்கள். ஊ மியா யாரையும் போகச் சொல்லவில்லை. மேசையைக் கதவருகே இழுத்துப் போட்டு, ஒவ்வொருவரும் சொன்ன எண்ணைத் தானே சுழற்றிக் கொடுத்தார். பெரும்பாலும் மணியே போகவில்லை. அவர்கள் ரிசீவரை இறக்கி வைக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மா நீலா, சூளைக்குப் பக்கத்துக் கடைக்காரர் எண்ணை வரிசை ஒழிகிற நேரமெல்லாம் சுற்றினாள். சாப்பிடச் சொன்னால் தலையை ஆட்டுவாள், சாப்பிட மாட்டாள். அன்றைக்கு நான் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எந்த மொழியிலும் ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம், கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கால்வரை காய்ந்த சேறோடு ஒரு மனிதர் படியேறி வந்தார். ஃபோனுக்கு வந்தவர் என்று நினைத்து ஊ மியா நாற்காலியைக் காட்டினார். மா நீலா எழுந்தாள். எழுந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அப்பா. படகிலும் லாரியிலும், மீதித் தூரம் நடந்தும் வந்திருக்கிறார். அம்மா நலம், சூளை போய்விட்டது. மகளின் தலையைத் தடவிக்கொண்டே, ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "ஃபோன் கம்பம் எங்க வீட்டு மேலதான் கிடக்குது. இவ அடிச்சுக்கிட்டே இருப்பாளேன்னு, அடிக்க வேண்டாம்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

பிஸ்கட்

எங்கள் பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் தணிக்கை அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு வாரம் இரண்டு ஐரோப்பியச் செய்தி கொடுத்தேன். ஒன்று, முறையான விசாரணை இல்லாமல் யாருடைய இன்டர்நெட்டையும் துண்டிக்கக் கூடாது என்பது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2007 செப்டம்பரில் பிக்குகள் ஊர்வலம் போனபோது, எங்கள் ஊர் முழுக்க இன்டர்நெட் நின்றிருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஊ மியா அந்தச் செய்தியை வெகுநேரம் பார்த்தார். "வெட்டட்டும். வெட்டினா வெட்டினதுதானே" என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது செய்தி, ஒருவர் பார்த்த பக்கங்களை நினைவில் வைக்க அவர் கம்ப்யூட்டரில் இணையதளங்கள் போட்டுவைக்கும் 'குக்கி' பற்றியது. அதை வைக்குமுன் அவரிடம் சம்மதம் கேட்க வேண்டுமாம். குக்கிக்கு வேறு வார்த்தை தெரியாமல் பிஸ்கட் என்றே எழுதியிருந்தேன்.

மறுநாள், எழுதினவரை அழைத்து வரச் சொல்லி ஆள் வந்தது. வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன். ஊ மியாவும் கூட வந்தார். அங்கே போனால், துண்டிப்புச் செய்தியில் ஒரு கோடுகூட இல்லை. அது ஐரோப்பாக்காரர்கள் பாடு என்று விட்டுவிட்டார்கள். பிஸ்கட்டைச் சுற்றித்தான் சிவப்பு வட்டம். "இந்த பிஸ்கட்னா உண்மையில யாரு?" என்றார் அதிகாரி. யாருமில்லை என்றேன். தின்கிற பிஸ்கட்டா? இல்லை. தின்ன முடியாததற்கு ஏன் அந்தப் பேர்? தெரியவில்லை என்றேன். உண்மையில் இன்றைக்கும் தெரியாது. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, 'செயா'வுக்குப் பெண்பாலான 'செயாமா' போட்டு மரியாதையாகக் கேட்டார்: "அடுத்தவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல நுழையறதுக்கு முன்னாடி அவங்களையே கேக்கணுமா செயாமா? இப்படி எல்லாத்துக்கும் கேட்டுக்கிட்டிருந்தா அவங்க வேலை எப்பத்தான் முடியும்?"

இத்தனை வருஷம் ஐரோப்பியச் சட்டங்களை எழுதித் தள்ளியும் ரங்கூனில் ஒரு வீட்டுக்குக்கூட அதனால் ஃபோன் வரவில்லை. ஆனால் ஐரோப்பாவிலிருந்து என் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.