பெரியப்பா எலி என்று சொன்ன பார்சல்

என் பெரியப்பா பொய் சொல்கிறார். அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் படிப்பார் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ரங்கூனில் ஐம்பது வருஷமாக இருக்கும் பெரியவர் என்று மாலை போட்டார்கள். அவரும் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். புருஷனை இழந்து நின்ற தங்கைக்கு மேமியோவிலிருந்து கோழிக்குஞ்சுகளை வரவழைத்துக் கொடுத்து அவளைச் சொந்தக் காலில் நிற்க வைத்தது தான்தான் என்றார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தையும் கைதட்டினாள். எனக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அத்தை கேட்கமாட்டாள். அவள் கேட்காததை நான் கேட்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். ரங்கூனில் கெமண்டைன் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி ஒரு மரவீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஆற்றுக்கு அக்கரையில், சிரியத்தில், எண்ணெய் சுத்திகரிக்கும் இடத்தில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியற்காலையில் போய்விடுவார். பெரியப்பா எங்கள் பேட்டைத் தபால் ஆபீஸில் பார்சல் குமாஸ்தா. பெரியம்மா ஊரில் இருந்தாள். அதனால் பெரியப்பாவுக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டைச் சமைத்தது அத்தை. அம்மா அடுப்பங்கரைப் பக்கம் போனாலும் அத்தை விடமாட்டாள்.

அத்தையின் புருஷன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டார். அத்தைக்கு அப்போது இருபத்து நாலோ இருபத்தைந்தோ. பெரியப்பா அவளை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஊர் என்றால் அவளுடைய கொழுந்தன் வீடு. அங்கே அவளுக்கு என்ன காத்திருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மாட்டுக்கொட்டகை, அடுப்பு, வாயை மூடிக்கொண்டு கிடப்பது. வயசுப் பிள்ளை ரங்கூனில் இருந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்பது பெரியப்பாவின் பேச்சு. அந்த நாலு பேர் யார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அத்தை வீட்டின் பின்னால் நாட்டுக்கோழி வளர்த்தாள். முட்டையை லத்தா கடைத்தெருவில் ஒரு சீனக்காரரிடம் கொடுப்பாள். அவர்தான் ஒருநாள் முட்டையைக் கையில் உருட்டிப் பார்த்து, இது சின்னது, ஹோட்டல்காரர்கள் வெள்ளையான பெரிய முட்டைதான் கேட்கிறார்கள் என்று சொன்னார். அந்த முட்டையிடும் சாதிக் கோழிக்குஞ்சுகளை வடக்கே மலைமேல் மேமியோவில் ஒரு வெள்ளைக்காரர் பண்ணையில் பொரிக்க வைத்துத் தபாலிலேயே அனுப்புகிறார்கள் என்றும் சொன்னார். உயிருள்ளதைத் தபாலில் அனுப்புவார்களா என்று கேட்பீர்கள். அனுப்பினார்கள். குஞ்சு முட்டையை விட்டு வெளியே வரும்போது மஞ்சள் கருவில் மிச்சம் இருப்பதை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. இரண்டு நாளைக்கு அதற்குத் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அந்த இரண்டு நாளுக்குள் ரயிலில் போட்டு அனுப்பிவிட்டால் போதும்.

"கட்டுச்சோறு கட்டிக்கிட்டுத்தான் பொறக்குது" என்று அத்தை எனக்கு அதைச் சொன்னாள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பெரியப்பாவும் சாப்பிட்டு முடித்தபோது அத்தை கதவோரம் நின்று பேசினாள். பெரியப்பாவுக்கு எதிரில் அவள் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

"அண்ணே, மேமியோக் குஞ்சுக்குச் சொல்லிவிடலாம்னு இருக்கேன். அது வந்து நின்னுட்டா நானும் இங்க நின்னுக்கிறேன். யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன். வரலைன்னாலோ, வந்து செத்துப்போனாலோ, பொங்கலுக்கு முந்தி நீங்க சொல்ற கப்பல்ல ஏறிடுறேன். அதுக்கப்பறம் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அப்பா சரி என்றார். பெரியப்பா விரலால் தட்டைத் தள்ளிவிட்டு, "கோழிய நம்பி ஒரு குடும்பத்துப் பொம்பள" என்று தொடங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரும் சரி என்றார்.

அத்தை செய்த தப்பு ஒன்றுதான். கடிதம் எழுதிய அப்பா எந்தத் தபால் ஆபீஸுக்கு அனுப்பச் சொல்லட்டும் என்று கேட்டார். பெரிய தபால் ஆபீஸுக்கு வரவழைத்திருக்கலாம். அவளோ, "நம்ம அண்ணன் ஆபீஸ் இருக்கும்போது வேற எங்க போவேன், அண்ணன் கையில வந்தா பத்திரமா வந்துரும்" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

மார்கழி மாதம். குஞ்சுகள் வர வேண்டிய நாள் வந்தது. பின்கட்டில் வைக்கோல் பரப்பி, மூங்கில் தட்டியால் வளைத்து, உள்ளே ஒரு மண்சட்டியில் கரி நெருப்புப் போட இடம் செய்து வைத்திருந்தாள். அடை காக்கும் கோழி ஒன்றைப் பக்கத்து வீட்டு மா தின்னிடமிருந்து வாங்கி வைத்திருந்தாள். மா தின் பர்மாக்காரி, கடைத்தெருவில் கீரை விற்பவள், சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். அத்தை சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, ஏதும் வந்துச்சா?"

"வரலை."

தட்டைப் பார்த்துத்தான் சொன்னார். அத்தை இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

பெரியப்பாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. பள்ளிக்கூடம் விட்ட வேளையில் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடுவேன். குஞ்சுகள் வர வேண்டிய அன்றைக்கு மட்டும் அவர் ஆபீஸ் பியூனையே வீட்டுக்கு அனுப்பித் தூக்கை வாங்கிக்கொண்டார். பிள்ளை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். மார்கழியில் என்ன வெயில் என்று அம்மா சிரித்தாள். மறுநாள் பியூனுக்குக் காய்ச்சல். தூக்கு பழையபடி என் கைக்கு வந்தது.

ஆபீஸில் கம்பி வலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் பெரியப்பா உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் பார்சல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். அன்றைக்கு மூலையில் ஒரு கோணிக்குவியல் இருந்தது. அதற்குள்ளிருந்து கீச்சுக்கீச்சென்று சத்தம் வந்தது.

"பெரியப்பா, அங்க என்ன கத்துது?"

"எலி."

"எலி இத்தனை குரல்லயா கத்தும்?"

"ரங்கூன் எலி அப்படித்தான் கத்தும். சோத்தை வச்சுட்டு ஓடு."

நான் நம்பிவிட்டேன். பெரியப்பா சொன்னால் நம்ப வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் வேடிக்கையாகச் சொன்னேன்.

"அத்தே, பெரியப்பா ஆபீஸ்ல எலி குட்டி போட்டிருக்கு. கோழிக்குஞ்சு மாதிரியே கத்துது."

அத்தை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை அப்படியே நிறுத்தினாள். பிறகு கையைக் கழுவினாள், இரண்டு தடவை கழுவினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்து மா தின்னைக் கூப்பிட்டாள். புருஷன் செத்த பிறகு அவள் கடைத்தெருவைத் தவிர வேறெங்கும் போனதில்லை. ஆபீஸ் படியேறியதே இல்லை. அன்றைக்கு நான் ஓடித்தான் அவளோடு நடக்க முடிந்தது.

ஜன்னலில் நாலைந்து பேர் நின்றார்கள். மூலைக்கடை மரைக்காயர் மணியார்டர் அனுப்ப நின்றார். அத்தையைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்.

"அண்ணே, எம்பேருக்குப் பார்சல் வந்திருக்கா?"

பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "நேத்தே சொன்னேன்ல வரலைன்னு. இங்கெல்லாம் வந்து நிக்கிற? வீட்டுக்குப் போ."

மூலையில் கீச்சென்றது.

"அது என்ன அண்ணே?"

"எலி."

மரைக்காயர் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். "என்ன ரைட்டரே, நம்ம கடையிலயும்தான் எலி கிடக்கு. அரிசியத் தின்னுட்டுக் கமுக்கமா கிடக்குமே ஒழிய, இப்படி ஆளைக் கூப்பிடாதே."

சிரித்தார்கள். பெரியப்பா மணியார்டர் காகிதத்தை இழுத்துவைத்து எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். அண்ணனைப் பொய்யன் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை. அப்படியே திரும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

மா தின்தான் ஜன்னல் வலையில் முகத்தை வைத்து அழுத்தினாள். குமாஸ்தாவைப் பர்மாக்காரர்கள் மரியாதையாகக் கூப்பிடுவதுபோல, "சாயேஜீ, உன் எலிக்கு அம்மா யாரு, நான் கேக்குறேன்" என்று தன் தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு நாக்கை மேலண்ணத்தில் தட்டித் தாய்க்கோழி மாதிரி கொக்கரித்தாள். குஞ்சுகளைத் தீனிக்குக் கூப்பிடும்போது கோழி தொண்டைக்குள் போடுமே, அந்தச் சத்தம்.

கோணிக்குவியல் முழுக்கப் பதில் சொன்னது. ஒரு குஞ்சு பாக்கியில்லாமல் கத்தியிருக்கும். ஆபீஸே அதிர்ந்துபோயிற்று. வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

உள்ளறையிலிருந்து வங்காளி போஸ்ட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். என்ன சத்தம், எப்போது வந்த பார்சல், ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று இந்துஸ்தானியில் கேட்டார். அவ்வளவுதான், பெரியப்பாவின் வேலை அத்தையின் வாயில் இருந்தது. நேற்றே வந்தது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தை தனக்குத் தெரிந்த அரைகுறை இந்துஸ்தானியில், இப்போதுதான் வந்ததாம், அண்ணன் எடுத்துத் தரப்போகிறார் என்றாள்.

பெரியப்பா எழுந்துபோய்க் கோணிகளை விலக்கிப் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தார். பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. அவர் யாரையும் பார்க்கவில்லை. காட்டிய இடத்தில் அத்தை பெருவிரலை ஒற்றினாள்.

வழியெல்லாம் எனக்குப் பெரியப்பாமேல் கோபமே இல்லை. குஞ்சுகள் அழகாக இருந்ததால் தானே வைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். நானாக இருந்தாலும் ஒளித்துத்தான் வைத்திருப்பேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்தோம். மஞ்சள் பஞ்சு உருண்டைகள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சில செத்துக் கிடந்தன. மற்றவையெல்லாம் நல்ல உயிரோடு இருந்தன. மா தின் ஒவ்வொன்றாக எடுத்து, கோழிக்கு அடியில் விட்டாள். கோழி கொஞ்சம் முறைத்துவிட்டு இறக்கையை விரித்தது. இடம் கொள்ளாதவற்றைக் கரிச்சட்டி ஓரம் விட்டோம்.

பெட்டி காலியானபோது அடியில் கிடந்த வைக்கோலை அத்தை உதறப்போனாள். உதறாமல் நின்றாள். வைக்கோலில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தயிர்ச்சோறு. கடுகு, கறிவேப்பிலைத் துணுக்கு எல்லாம் இருந்தது. அத்தை ஒரு பருக்கையை விரல் நுனியில் எடுத்துக் கடுகோடு பார்த்தாள். முந்தின நாள் பெரியப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தது தயிர்ச்சோறுதான். அவள் தாளித்த தாளிப்பு அவளுக்குத் தெரியாதா?

"அத்தே, மேமியோக் கோழி தயிர்ச்சோறு திங்குமா?"

"யாரோ தின்னக் குடுத்திருக்காங்க" என்றாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

அன்றைக்குப் பெரியப்பா நேரம் கழித்துத்தான் வந்தார். அத்தை எப்போதும்போல் தட்டு வைத்தாள். அவள் சண்டை போடுவாள் என்று அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். அத்தை குழம்பு ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"குஞ்சுக்கு ரெண்டு நாளைக்குச் சோறு தண்ணி வேணாம் அண்ணே. வயித்துல வச்சுக்கிட்டுத்தான் வருது."

பெரியப்பா பிசைந்த சோற்றையே இன்னொரு தடவை பிசைந்தார்.

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. கோழியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து நான் தூங்கிவிட்டேன்.

பொங்கலுக்கு முந்திய கப்பல் அத்தை இல்லாமல் போயிற்று. குஞ்சுகள் வளர்ந்து வெள்ளை வெளேரென்று நின்றன. சீனக்காரர் முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். பின்கட்டு போதாமல் மா தின் வீட்டு வேலியை எடுத்துவிட்டு இரண்டு வீட்டுக்கும் ஒரே பட்டியாகப் போட்டார்கள். நான் படித்ததும் என் கல்யாணம் நடந்ததும் அந்த முட்டையில்தான். இப்போது அத்தையின் பண்ணையிலிருந்தே குஞ்சுகள் த்வாண்டேவுக்கும் அதற்கு அப்பாலும் படகில் போகின்றன. அட்டைப்பெட்டியை இன்றைக்கும் அவளேதான் கட்டுகிறாள்.

பெரியப்பா, நீங்கள் வரவழைத்துக் கொடுத்ததாகச் சபையில் சொன்னது பொய். நீங்கள் ஒளித்துவைத்தீர்கள். மரைக்காயர் போய்ச்சேர்ந்துவிட்டார். மா தின் இருக்கிறாள், அவள் சாட்சி சொல்வாள். ஆனால் நான் கேட்கவந்தது அதை இல்லை. ஏன் ஒளித்தீர்கள் என்பது எனக்கு வளர்ந்த பிறகு புரிந்துவிட்டது. மற்றது இன்னும் புரியவில்லை. அந்தக் குஞ்சுகள் செத்தால் உங்கள் காரியம் முடிந்தது. கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். நீங்கள் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காத ஆள். கதவைச் சாத்திக்கொண்டு, கோணியை விலக்கி, உங்கள் சோற்றை எடுத்து அதுகளுக்குப் போட்டிருக்கிறீர்கள். தங்கையைக் கப்பலேற்றப் பார்த்த அதே கையால் போட்டிருக்கிறீர்கள். ஏன்?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன், அத்தையையும் கூட்டிவருகிறேன். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே வாருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதே மைக்கில், அதே ஜனங்களுக்கு முன்னால் இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.