அக்காவின் மாட்டு முடிச்சு

அக்காவிடம் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அவள் நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அது அடுத்தவர் வயலில் வாய் வைக்கும்போது கழுத்து எப்படி வளைகிறது, பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று பார்ப்பாளே தவிர, விரட்ட மாட்டாள். வயல்காரர் கத்திக்கொண்டு வருவார். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். ஓடிப்போய் மாட்டைப் பிடித்து வருவது தம்பியின் தலையெழுத்து. அறுபத்தெட்டு வயதிலும் இதைச் சொல்லும்போது தம்பிக்கு மூச்சு வாங்கும், கூடவே பெருமையும் பொங்கும்.

தொழுவத்துச் சுவரெல்லாம் அவள் கரியால் போட்ட படங்கள்தான். அம்மா வெள்ளையடித்து அழித்தால், புதுச்சுவர் கிடைத்ததே என்று அக்காவுக்குச் சந்தோஷம். இருபது வயதில் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி நகரத்துக்குப் போனாள். பள்ளிப் புத்தகங்கள் அடிக்கும் அச்சகத்தில் வேலை கிடைத்தது. பின்கட்டில் நீளமாக ஓர் அறை, ஜன்னலோரம் ஆறு மேசைகள். ஆறு பேரும் குனிந்த தலை நிமிராமல் படம் வரைவார்கள். யார் வரைந்தாலும் கடைசியில் தலைமை ஓவியர் வந்து கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவார். அங்கே அதுதான் வழக்கம். முப்பத்தொரு வருடம் அக்கா அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வரைந்தாள்.

"ஏன்க்கா, நீ வரைஞ்சதுல அந்தாளு கையெழுத்துப் போடுறானே, உனக்குக் கோபம் வரலையா?" என்று தம்பி ஒருமுறை கேட்டார்.

"வராம இருக்குமா? மூணாம் வகுப்புப் புத்தகத்துல ஒரு கழுதை இருக்கும், அது மூஞ்சியப் பாரு. அதுக்குக் கீழயும் அவரேதான் கையெழுத்துப் போட்டிருக்காரு."

ஆனால் ஊரில் தம்பி இதையெல்லாம் வெளியே சொன்னதில்லை. "அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "பிரஸ்ல இருக்காங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார். படம் வரைகிறாள் என்று சொன்னால், "அது சரி, வேலை என்ன?" என்று சிரிப்பார்களே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை நினைத்து இன்றைக்கும் அவர் தன்னையே திட்டிக்கொள்வார்.

அக்கா இறந்து இரண்டு வருடம் ஆனபின், மூடிப்போன அச்சகத்தின் மூலப்படங்கள் நகர நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. நூலகர் அம்மா அவற்றைத் தூசி தட்டிக் கண்காட்சி வைக்க ஏற்பாடு செய்தார். தம்பியின் மகள் வேலை பார்ப்பது அந்த நகரத்தில்தான். அவள் போன் செய்தாள்.

"அப்பா, அத்தை படத்துக்கெல்லாம் அந்த ஓவியர் பேரை எழுதி வெச்சிருக்காங்க. நாளன்னைக்கு மந்திரி வந்து திறக்கிறாராம். உடனே கிளம்பி வாங்க."

மறுநாளே தம்பி நூலகத்துக்குப் போய், அதெல்லாம் அக்கா வரைந்த படங்கள் என்று சொன்னார். நூலகர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்களை நம்பாம இல்லைங்கய்யா. ஆனா கையெழுத்து அவரோடது. யார் எதை வரைஞ்சாங்கன்னு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்ல. வாய்வார்த்தைய வெச்சு நான் எப்படிப் பேரை மாத்துறது?"

தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். துறையில் கட்டியிருந்த படகுப் படத்தின் முன்னால் வந்ததும் குபீரென்று சிரித்துவிட்டார்.

"எந்தப் படகுக்காரனாவது படகை இப்படிக் கட்டுவானா? புயல் வந்தா சட்டுனு அவிழ்க்கவே வராதே. இது எங்க வீட்டு மாட்டு முடிச்சும்மா!"

அவர்கள் அப்பாவுக்குத் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் வலது கட்டைவிரல் போய்விட்டது. அதன்பிறகு அவர் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, இடது கையால் நுனியை அடியில் நுழைத்து, இடப்பக்கம் ஒரு சின்ன வளையம் விட்டுக் கட்டுவார். பிள்ளைகளுக்கு வேறு முடிச்சே தெரியாது. அவசரத்துக்கு மாட்டை அவிழ்க்க வந்த அக்கம்பக்கத்தார் குடும்பத்தையே திட்டியிருக்கிறார்கள்.

பத்திரிகைக் கட்டுக்கு வைத்திருந்த சணல் கயிற்றை வாங்கி, தம்பி நாற்காலிக் காலில் கட்டிக் காட்டினார். நூலகர் பூதக்கண்ணாடியோடு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஊஞ்சல், கூடாரம், கிணற்று வாளி, ஆடு என்று எதைக் கட்டியிருந்தாலும் மூன்று சுற்று, இடப்பக்க வளையம். மொத்தம் நாற்பத்து மூன்று தேறியது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கயிறு இருந்த படங்களில், வாசலுக்கு நேராக மாட்டியிருந்த, சுவரொட்டியிலும் போட்டிருந்த குதிரைப் படம் மட்டும் மிச்சம். கண்காட்சிக்கே அதுதான் மகுடம். முடிச்சு இருந்த இடத்தில் சாயம் உதிர்ந்திருந்தது.

"இதுவும் அவங்களோடதா இருக்கலாம் இல்லையா?" என்றார் நூலகர். மகள் அப்பாவைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தம்பி வெகுநேரம் பார்த்தார். ஆசை யாரை விட்டது? கடைசியில் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா, இது அக்கா போட்டதில்ல. குதிரை அழகாத்தான் நிக்குது. ஆனா ஊனுற கால்ல பாரமே இல்ல. மாடு மேய்ச்ச கை இப்படிப் போடாது. இந்தப் படம் அந்த மனுஷனுக்கே இருக்கட்டும்."

நூலகர் பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "ஐயா, கயிறே இல்லாத படங்களையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா சரி."

இன்னும் பதினெட்டு கிடைத்தன. கழுதையும் அதில் ஒன்று.

"பேரைச் சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல அடிச்சா அஞ்சு நிமிஷ வேலை" என்றார் நூலகர். தம்பி பேனா கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு படத்தின் பெயர் அட்டையிலும் அக்காவின் பெயரை எழுதி, அதன் கீழே 'ஓவியர்' என்று எழுதினார். பத்தாவது அட்டையிலேயே எழுத்து கோணிக்கொண்டு போனது.

"எழுத்து கோணுதேப்பா. குடுங்க, நான் எழுதுறேன்."

"விடும்மா. அக்கா என்ன பண்றாங்கன்னு ஊர்ல முப்பத்தொரு வருஷம் கேட்டாங்க, நான் வாயே திறக்கல. அறுபத்தொரு தடவையாவது இப்ப சொல்லிக்கிறேன்."